எங்கள் தெரு ஏறிக்கொண்டே போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் நகராட்சி வரும் பட்ஜெட்டில் சாலைகளைப் புதுப்பிக்கப் பெரிய தொகை ஒதுக்கப்போவதாக உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி, எந்தெந்த வார்டு என்று எல்லாம் போட்டிருந்தீர்கள். படித்து முடித்ததும் எழுந்து போய் எங்கள் வீட்டு வாசல்படியை டேப் வைத்து அளந்தேன். 1994-இல் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வருவோம். இன்றைக்குத் தெருவும் திண்ணையும் ஒரே மட்டம். படிகளை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, தாருக்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன.

ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காவிரி டெல்டாவில் எந்த நகராட்சிக்காரர் படித்தாலும் தன் ஊர் என்றுதான் நினைப்பார், அது தப்பும் இல்லை.

நான் என்ஜினீயர் இல்லை. பத்தொன்பது வருடம் ரோடு கான்ட்ராக்டர்களிடம் சைட் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இப்போது மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தில் குறை சொல்கிற வேலைகளில் சிலவற்றை நானே பக்கத்தில் நின்று செய்யவும் வைத்திருக்கிறேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்து எழுதுவதற்கு முன்னால்.

எனக்கு இருக்கிற ஒரே கேள்வி இதுதான். மேலே போடுகிற தாருக்குப் பட்ஜெட்டில் பணம் இருக்கிறது, தாருக்குக் கீழே செய்ய வேண்டிய வேலைக்குப் பணம் எங்கே? பழைய தாரைச் சுரண்டி எடுக்க, குழாயை மாற்ற, வடிகாலின் மட்டத்தைச் சரி செய்ய, மண்ணைச் சோதித்து ஜல்லிப் படுகை போட என்று தனித்தனியாக எதற்கும் தலைப்பு இருப்பதாகத் தெரியவில்லை. "சாலைகள் மேம்பாடு" என்று ஒரே வரியில் ஒரு தொகை. அந்த வரியைப் பிரித்துக் காட்டச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

முதலில் உயரத்தை எடுத்துக்கொள்கிறேன், எங்கள் தெருவில் அதுதான் பெரிய வயிற்றெரிச்சல். பழைய ரோட்டுக்கு மேல் ஐம்பது மில்லிமீட்டர் ஒரு அடுக்கு, அதற்கு மேல் இருபத்தைந்து மில்லிமீட்டர் மேல்பூச்சு என்று போட்டால் மொத்தம் எழுபத்தைந்து, அதாவது மூன்று அங்குலம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இப்படி மூன்று அங்குலம் ஏறினால் முப்பது வருடத்தில் பதினெட்டு அங்குலம். என் மூன்று படிக்கும் கணக்கு சரியாக வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் "ரோடு போட்டாச்சு" என்று கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்தியவர்களில் நானும் ஒருவன், ஒன்றிரண்டு தடவை.

2021-இல் இறையன்பு அவர்கள் தலைமைச் செயலாளராக இருந்தபோது, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிய ரோடு போட வேண்டும், இல்லாவிட்டால் வீடுகள் பள்ளத்தில் போய்விடும் என்று அதிகாரிகளுக்குக் கடிதமே எழுதினார். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எங்கள் தெருக்காரர்கள் அதை வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இனிமேல் கவலை இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினோம். அடுத்த வருடமே பக்கத்துத் தெருவில் ரோடு போட்டார்கள், மில்லிங், அதாவது மெஷினால் பழைய தாரைச் சுரண்டுகிற வேலை, இல்லை. ஏன் என்று சைட்டில் நின்ற பையனிடம் கேட்டேன், என் பழைய வேலையைத்தான் அவன் பார்க்கிறான். "எஸ்டிமேட்ல அந்த ஐட்டமே இல்லண்ணே" என்றான். அவன் சொன்னது நியாயம். எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்கு அளவு எழுத முடியாது, அளவு எழுதாமல் பில் கிடையாது, பில் இல்லாத வேலையைச் செய்கிற கான்ட்ராக்டரை என் பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. உத்தரவு சென்னையிலிருந்து வந்தாலும், எஸ்டிமேட்டில் ஒரு வரியாக இறங்கினால்தான் எங்கள் தெருவுக்கு வரும்.

மில்லிங் மெஷின் பெரிது, சின்னத் தெருவுக்குள் வராது என்று ஒரு பதில் சொல்வார்கள். சின்ன மெஷினும் இருக்கிறது. அப்படியே மெஷின் கிடைக்கவில்லை என்றாலும் ஜே.சி.பி.யை விட்டுக் கிளறி எடுப்பது வேண்டாம், அது தாரோடு சேர்த்துக் கீழே இறுகிப்போய் இருக்கிற ஜல்லிப் படுகையையும் பெயர்த்துவிடும், பிறகு அந்தப் படுகையைத் திரும்பப் போட்டு இறுக்க யாரும் இருக்க மாட்டார்கள். சுரண்டி எடுக்கிற பழைய தாரும் ஜல்லியும் குப்பை இல்லை. வேறு தெருவுக்கு அடிப்படுகையில் கலந்து போடலாம். கல்லே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கல்லை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டே போகிறோம்.

இந்த உயரத்துக்கான செலவு பட்ஜெட்டில் எங்கும் வராது, ஏனென்றால் அதைக் கட்டுவது நாங்கள். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் வாசலில் செங்கல் வைத்து அணை கட்டுகிறோம், அப்புறம் தரையை ஏற்றுகிறோம், தரை ஏறினால் நிலை குட்டையாகிறது, கதவை மாற்றுகிறோம். வசதி இருக்கிறவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். வசதி இல்லாதவர்கள் ஐப்பசியில் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைக்கிறார்கள். ரோடு ஏற ஏற ஓரத்து வடிகால் பள்ளத்தில் போய்விடும், அதை ஏற்றிக் கட்ட இன்னொரு டெண்டர். மேன்ஹோல் மூடிகளை ஏற்றி வைக்காமல் அப்படியே விட்டுப் போடுவதால் ராத்திரியில் டூவீலர்காரர்களுக்கு நடு ரோட்டிலேயே கிண்ணம் மாதிரி குழி.

அடுத்தது குழாய். எங்கள் தெருவுக்குப் போன முறை ஆடி மாதம் ரோடு போட்டார்கள். புரட்டாசியில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள். இரண்டும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்ட வேலைதான். இதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், திட்டுவார்கள், மீம் போடுவார்கள், ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த காரணம் ரொம்பச் சாதாரணமானது. தமிழ்நாட்டு நகராட்சிகளின் கணக்கில் வருவாய் மற்றும் மூலதன நிதி தனி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி தனி, கல்வி நிதி தனி. ரோடு முதல் பெட்டியில், குழாய் இரண்டாவது பெட்டியில். பணம் வருகிற வழியும் வேறு, வருகிற மாதமும் வேறு. முதல் பெட்டியில் பணம் விழுந்தால் ரோடு, இரண்டாவதில் விழுந்தால் தோண்டல். ஒரே தெருவுக்கு இரண்டு உண்டியல் வைத்தால் எது முதலில் நிரம்புகிறதோ அந்த வேலைதான் முதலில் நடக்கும்.

மேலே இருந்து வருகிற மானியமும் இப்படித்தான். 2021-லிருந்து 2026 வரைக்குமான 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் எங்களைப் போன்ற ஊர்களுக்குத் தரப்பட்டதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். ரோட்டுக்கு அதை எடுக்க முடியாது. சரி, எடுக்க வேண்டாம். ஆனால் அந்தப் பணத்தில் எந்தத் தெருவில் குழாய் போடப் போகிறோம் என்று நகராட்சிக்குத் தெரியும் அல்லவா? அந்தப் பட்டியலையும் ரோடு பட்டியலையும் ஒரு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருக்கிற தெருவுக்கு ரோட்டை ஒரு வருடம் தள்ளிப் போட்டால் என்ன? இதற்குத் தனி நிதி தேவையில்லை, ஒரு பெரிய மேஜைதான் தேவை.

தோண்டுவதைக்கூட மன்னித்துவிடலாம், மூடுகிற விதத்தை மன்னிக்க முடியாது. தோண்டிய களிமண்ணையே திரும்ப உள்ளே தள்ளி, மேலே லாரி டயரை ஒரு தடவை ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மணல் போட்டு, அரை அடிக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கி, அதற்கு மேல் ஜல்லி போட்டு மூட வேண்டிய பள்ளம் அது. முதல் மழைக்கே தெரு நீளத்துக்கு ஒரு வாய்க்கால் இறங்கிவிடும். வீட்டு இணைப்புக்கு ரோட்டை வெட்டுவதற்கென்று எங்களிடம் தனியாகப் பணம் வாங்குகிறார்கள். அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது, வெட்டிய இடத்தை மூட அதிலிருந்து எவ்வளவு எடுத்தார்கள் என்று பட்ஜெட் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் நான் இந்தப் பத்தியை எழுதியே இருக்க மாட்டேன்.

இனி மண். டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கோடையில் எங்கள் மண்ணில் கை நுழைகிற அளவு வெடிப்பு விழும், மழையில் அதே மண் உப்பிக்கொண்டு அல்வா மாதிரி ஆகிவிடும். இதற்கு மேல் ஒரு ரோடு நிற்க வேண்டும் என்றால் மேலே இருக்கிற தாரை மட்டும் பார்த்துப் பயனில்லை. மண்ணை எடுத்துப் போய் அச்சில் இறுக்கி, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஒரு கம்பியை வைத்து அமுக்கிப் பார்ப்பார்கள். எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு எண் வரும். சி.பி.ஆர். சோதனை என்று பெயர். அந்த எண்ணை வைத்துத்தான் கீழே கிராவல் எத்தனை அங்குலம், ஜல்லிப் படுகை எத்தனை அங்குலம் என்று முடிவு செய்ய வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் நகராட்சித் தெருக்களுக்கு இந்தச் சோதனை செய்து நான் பார்த்தது விரல் விட்டு எண்ணுகிற தடவைதான். பழைய எஸ்டிமேட்டை எடுத்து, தெருப் பெயரை மாற்றி, நீளத்தை மாற்றி, அந்த வருட விலைப்பட்டியலைப் போட்டால் புது எஸ்டிமேட். களிமண்ணில் இருக்கிற தெருவுக்கும் ஆற்றோரத்து மணல் தெருவுக்கும் ஒரே கனம்.

கல்லும் இங்கே கிடையாது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தோ பெரம்பலூர், திருச்சி பக்கத்திலிருந்தோதான் ஜல்லி வர வேண்டும். எஸ்டிமேட்டில் இதற்கு லீடு என்று தனியாகக் கணக்கு இருக்கும், எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருந்து கல் வருகிறது என்று. அந்த லீடு அதிகமாக இருப்பதால்தான் மற்ற மாவட்டத்தை விட எங்களுக்கு ஒரு கிலோமீட்டர் ரோட்டுக்கு அதிகச் செலவு பிடிக்கிறது, அதே காரணத்தால்தான் ஜல்லியில் கை வைக்கவும் ஆசை வருகிறது. தார்க் கலவையும் தூரத்து பிளான்ட்டிலிருந்து லாரியில் வருகிறது. வழக்கமாகப் போடுகிற வி.ஜி. 30 ரகத் தார் என்றால் கலவை தெருவில் இறங்கும்போது குறைந்தது 140 டிகிரி சூடு இருக்க வேண்டும், 90-க்கு இறங்குவதற்குள் ரோலர் ஓடி முடிந்திருக்க வேண்டும். வழியில் ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்று, டீக்கடையில் பத்து நிமிடம் நின்று, தார்ப்பாய் சரியாக மூடாமல் வந்து சேருகிற லாரியில் என்ன சூடு இருக்கும்? சூடு போன கலவையைப் போட்டால் பார்க்கக் கருகருவென்று அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் ஜல்லி பொரி மாதிரி உதிரும். ஆறிப்போன லாரியைத் திருப்பி அனுப்பியது என் சர்வீசில் ஒரே ஒரு தடவை. அன்றைக்கு ராத்திரியே முதலாளி கூப்பிட்டு, "தம்பி, லாரி வாடகையை உன் சம்பளத்துல பிடிச்சுக்கட்டுமா" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போவதையே விட்டுவிட்டேன். பழைய ரோட்டில் ஒட்டுவதற்காகத் தெளிக்க வேண்டிய டேக் கோட் என்கிற தார்க் குழம்பை ஆளை விட்டு விளக்குமாற்றால் தடவிவிட்டதும் உண்டு. ஒட்டுமா? ஒட்டாது. அப்பளம் மாதிரி தகடு தகடாகப் பெயர்ந்து வருகிறதே, அது அந்த விளக்குமாற்று வேலைதான்.

இதையெல்லாம் விட மோசமானது வேலை செய்கிற மாதம். நெல்லுக்கு ஒரு பட்டம் இருக்கிற மாதிரி எங்கள் ஊரில் ரோட்டுக்கும் ஒரு பட்டம் இருக்கிறது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அந்த மாதங்களில் ஊருக்குள் ஓடுகிற வாய்க்கால்களில் தண்ணீர் நிற்கும், பக்கத்துத் தெருக்களின் அடிமண் ஈரமாகவே கிடக்கும். அதற்குள்ளேயே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, காய்ந்த மண்ணில் தோண்டி, குழாய் போட்டு, இறுக்கி, ரோடும் போட எங்களுக்குக் கிடைப்பது பிப்ரவரியிலிருந்து மே வரை நான்கே மாதம். அந்த நான்கு மாதத்துக்கு நட்ட நடுவில்தான் மார்ச் 31 வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு கணக்கு வருடம் முடிந்து இன்னொன்று தொடங்குகிற நாள். பிப்ரவரி, மார்ச்சில் பட்ஜெட் கூட்டம் நடத்தி, அதற்குப் பிறகு எஸ்டிமேட் போட்டு, அதற்கு மேலே அனுமதி வாங்கி, அப்புறம் டெண்டர் விட்டால் ஒர்க் ஆர்டர் கைக்கு வரும்போது ஆவணி ஆகிவிடும். கான்ட்ராக்டர் ஜல்லி இறக்கும்போது மழை. மழை விட்டதும் அவசர அவசரமாகத் தை மாதத்தில் போட்டு, மார்ச் 31-க்குள் பில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். ஈர மண்ணின் மேல் அவசரமாகப் போட்ட ரோடு அடுத்த ஐப்பசியைத் தாண்டுமா?

டெண்டருக்குச் சட்டப்படி வேண்டிய நாள் ஒன்றும் அதிகமில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளில் 2 கோடி ரூபாய் வரைக்கும் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஆகவே மண் சோதனையையும் எஸ்டிமேட்டையும் மழைக்காலத்திலேயே, எல்லோரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற கார்த்திகையிலேயே முடித்து, மார்கழியில் டெண்டர் விட்டு, வாய்க்கால் தண்ணீர் வற்றியதும் கடப்பாரையை இறக்கலாம். மழைக்காலத்தில் எஸ்டிமேட் போட இன்னொரு லாபமும் இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். சித்திரை வெயிலில் வந்து தெருவைப் பார்த்தால் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் தெரியும்.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதனால் என் கணக்கையும் சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு ஒரு வேலைக்கு 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளாட்சி வேலைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்து 2022 ஜூலை 18-லிருந்து 18 சதவீதம் ஆனது. அந்த 1 கோடி வரியோடு சேர்த்து என்றால் 15 லட்சத்துக்கு மேல் வரிக்கே போய்விடும். தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம். அப்புறம் கான்ட்ராக்டர் லாபம், அதற்குப் பிறகு நான் எழுதக் கூடாத சில செலவுகள். தெருவில் இறங்குகிற ஜல்லியும் தாரும் மிச்சப் பணத்துக்குத்தான். பணம் குறைந்தால் நீளத்தைக் குறைக்க வேண்டும், இல்லை கனத்தைக் குறைக்க வேண்டும். நீளம் குறைந்தால் கவுன்சிலருக்குத் தெரியும், கனம் குறைந்தால் மண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எது குறைகிறது என்று நான் சொல்ல வேண்டுமா?

வார்டுக்கு வார்டு பிரசாதம் மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுக்கிற பழக்கம்தான் இதற்குக் காரணம். இந்த வருடம் பாதி வார்டு, அடுத்த வருடம் மீதி என்று வைத்து, எடுக்கிற தெருவை மில்லிங், குழாய், வடிகால், மண் என்று முழுதாகச் செய்து முடித்தால் அந்தத் தெருப் பக்கம் பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம். இதில் எங்கள் தெரு இந்த வருடம் விட்டுப்போனாலும் பரவாயில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "உங்களுக்குப் பரவாயில்லைதான், வீட்டுக்குள்ள வர்ற தண்ணிய அள்ளிக் கொட்டுறது யாரு?" என்று கேட்டாள். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

நாங்களும் சும்மா கேட்கவில்லை. 2022-இல் சொத்து வரியை ஏற்றினார்கள், நகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் இரட்டிப்பு. என் வீடு இரண்டாவது ரகம். ஏற்றியது தப்பு என்று நான் சண்டைக்குப் போகவில்லை, பல வருடமாக ஏற்றாமல் விட்டிருந்தார்கள், வரி இல்லாமல் ஊர் நடக்காது. ஆனால் கூடக் கட்டிய பணத்தில் என் வாசல் இன்னும் மூன்று அங்குலம் பள்ளத்துக்குப் போகப் போகிறது என்றால் கொஞ்சம் வலிக்காதா?

பிளாஸ்டிக் ரோடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கவுன்சிலர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது, 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார், நம் ஊர்க்காரர் என்று எனக்கும் பெருமைதான். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி அதன் பிறகு தாரைச் சேர்ப்பதால் கல்லுக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுவது குறைகிறது, நல்ல விஷயம். ஆனால் அது மேல் அடுக்குக்குத்தான் பலம். அடியில் மண் அல்வாவாக இருந்தால் மேலே பிளாஸ்டிக் போட்டாலும் வெள்ளித் தகடு போட்டாலும் இறங்கத்தான் செய்யும்.

சந்துகளுக்குப் பேவர் பிளாக் போடுவதை நான் ஆதரிக்கிறேன், குழாய்க்குத் தோண்ட வேண்டி வந்தால் கல்லைக் கழற்றிவிட்டுத் திரும்ப அடுக்கலாம். வண்டி போகிற சந்தில் 80 மில்லிமீட்டர் கனம் வேண்டும், நடைபாதைக்குப் போடுகிற 60-ஐப் போட்டு ஏமாற்றக் கூடாது. அவ்வளவுதான்.

கனத்தைப் பற்றி இன்னொரு கணக்கு. 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள தெருவில் 40 மில்லிமீட்டர் போட வேண்டிய இடத்தில் 30 போட்டால் மிச்சமாகிற கலவை 8 கன மீட்டர். எடையில் கிட்டத்தட்ட 18, 19 டன். இரண்டு லாரி லோடு போடாமலேயே பில் ஆகிறது. மேலே இருந்து பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது, வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்து ஸ்கேல் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2005-ஆம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு இடம் இருக்கிறது. பிரிவு 2(ஜே). காகிதத்தின் நகலைக் கேட்பது மட்டுமில்லை, நடக்கிற வேலையைப் போய்ப் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியை வாங்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்கிறது. பத்து ரூபாய் கட்டி, செய்த வேலையின் அளவுகளை எழுதி வைக்கிற எம்.புக்கின் நகலும் ரோட்டின் ஒரு துண்டும் கொடுங்கள் என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். நான் கான்ட்ராக்டரிடம் இருந்தபோது யாராவது இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் எங்கள் முதலாளிக்கு அன்றைக்கு ரத்த அழுத்தம் எகிறியிருக்கும்.

ஆனால் இப்படி மனுப் போட்டு, முப்பது நாள் காத்திருந்து, முதல் மேல்முறையீடு போட்டு அலைய வேண்டிய அவசியமே இல்லாமல் செய்யலாம். வேலை தொடங்குவதற்கு முன்பே எஸ்டிமேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுதித் தெரு முனையில் வைத்துவிடலாம். வேலை முடிந்த பிறகு, தொகையையும் தலைவர்கள் பெயரையும் பளபளவென்று போட்டு வைக்கிற பலகை வேண்டாம். எத்தனை மில்லிமீட்டர் சுரண்டுகிறீர்கள், எத்தனை மில்லிமீட்டர் போடுகிறீர்கள், முடிந்த பிறகு தெரு இப்போது இருப்பதை விட ஏறுமா இறங்குமா, குழாய் வேலை முடிந்துவிட்டதா, உடைந்தால் எந்தத் தேதி வரை கான்ட்ராக்டர் சொந்தச் செலவில் சரி செய்ய வேண்டும். இந்த ஐந்து விஷயம் போதும், ஒரு ஃபிளெக்ஸில் அடங்கிவிடும், எங்கள் ஊரில் பிறந்தநாள் ஃபிளெக்ஸுக்குச் செலவாகிற பணத்தில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

வார்டைப் பகுதிகளாகப் பிரித்து அங்கே குடியிருக்கிறவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிற பகுதி சபை என்று ஒன்றும் இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகக் கூட்டினார்கள். எங்கள் பகுதிக்கு நடந்த கூட்டத்துக்கு நானும் போனேன். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குப்பை வண்டி என்று பேசினார்கள், ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் டீயும் கொடுத்தார்கள். ரோட்டின் உயரத்தைப் பற்றி நான் பேச எழுந்தபோது நேரம் ஆகிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். கோபம் இல்லை, டீ நன்றாக இருந்தது. ஆனால் பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னால் அதே பகுதி சபையைக் கூட்டி, எந்தெந்தத் தெரு, எந்த வரிசையில், ஒவ்வொன்றிலும் தாருக்குக் கீழே என்ன வேலை என்று ஒரு தாளை வாசித்துக் காட்டினால், நாங்கள் பிஸ்கட் இல்லாமலேயே உட்கார்ந்து கேட்போம். எங்கே தண்ணீர் நிற்கும், எந்த மேன்ஹோல் பொங்கும், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற எந்தக் கல்வெர்ட்டை எந்த வருடம் மண் போட்டு மூடினார்கள் என்று ஓவர்சியருக்குத் தெரியாததெல்லாம் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கிற அம்மாவுக்குத் தெரியும்.

நகராட்சியில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் எழுத வரவில்லை. ஒரு ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், கையில் எத்தனை வார்டு, எத்தனை வேலை, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எத்தனை போன் என்று எனக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடித்துக் கனம் பார்த்த ஓவர்சியரையும் நான் பார்த்திருக்கிறேன், அவர் ரொம்ப நாள் ஒரே ஊரில் இருக்கவில்லை என்பது வேறு கதை.

பட்ஜெட் கூட்டம் நடப்பதற்குள் இந்தக் கடிதம் வெளிவந்தால் நல்லது. எங்கள் வாசல் தூணில் இன்றைய தெரு மட்டத்துக்குச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துத் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே மாதிரி இழுத்துத் தரச் சொன்னார்கள், நேற்று சாயங்காலம் தெரு முழுக்கப் பதினொரு வீட்டுக்கு இழுத்தாயிற்று. எஸ்டிமேட் போட வருகிற ஓவர்சியர் டேப் கொண்டுவர மறந்துவிட்டால் என் கடையில் வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
சொத்து வரியைத் தவணை தவறாமல் கட்டுகிற ஒரு டெல்டாக்காரன்